ஒரு பழைய குறிப்பை வாசித்தல்

ஜப்பானிய அரசவை தொகுத்த சரித்திர நூல்கள் ஆறு. அவற்றில் கடைசியானதன் பெயர் 'நிஹோன் சண்டாய் ஜிட்சுரோகு'. 858லிருந்து 887 வரை ஆண்ட மூன்று சக்கரவர்த்திகளின் காலத்தைத் தேதிவாரியாகச் சொல்லும் இந்நூல் 901ல் முடிக்கப்பட்டது. யாருக்கு என்ன பதவி உயர்வு, எந்தக் கோயிலுக்கு என்ன தரம், எந்த ராத்திரி வானத்தில் என்ன தெரிந்தது என்று ஐம்பது பாகங்களுக்கு நீள்வது. ஜப்பானிய மொழி எனக்குத் தெரியாது. இங்கே சொல்லப்போவதெல்லாம் ஆங்கிலத்தின் வழியே வந்து சேர்ந்தவைதான். அப்படியும் அதன் ஒரு தேதிக்குரிய குறிப்பு சில வருஷங்களாக என்னை விடாமல் இருக்கிறது. ஜோகான் 11ஆம் வருஷம், ஐந்தாம் மாதம், 26ஆம் நாள். நம் கணக்கில் 869ஆம் வருஷத்து ஜூலை.

முட்சு என்ற வடகிழக்குப் பிரதேசத்தில் பெரிய பூகம்பம். ராத்திரியில் பகல் மாதிரி ஒரு வெளிச்சம் பரவி மறைந்ததாகவும், ஜனங்கள் நிற்கமுடியாமல் விழுந்ததாகவும், மாடுகளும் குதிரைகளும் மிரண்டு ஒன்றையொன்று மிதித்து ஓடியதாகவும் குறிப்பு சொல்கிறது. கோட்டை, கிடங்கு, வாசல், மதில் எல்லாம் சரிந்தன. பிறகு கடல் இடிபோல் முழங்கிற்று. அலைகள் ஆற்றின் வழியே ஏறிக் கோட்டையடிவரை வந்தன. வயல், பாதை எல்லாம் தண்ணீர். படகில் ஏறவோ மேட்டுக்கு ஓடவோ அவகாசமில்லாமல் மூழ்கிப்போனவர்கள் ஏறக்குறைய 1,000 பேர். அவ்வளவுதான். அடுத்த தேதிக்கு நூல் போய்விடுகிறது.

இதில் எனக்குப் பிடித்தது உக்கிரமின்மை. எழுதியவர் காரணம் தேடவில்லை. சில மாதம் கழித்து வந்த ராஜ ஆணையில் சக்கரவர்த்தி சீன மரபையொட்டித் தன்னையே நொந்துகொள்கிறார், அது தனி. அந்த ஆணையிலும் ஒரு நல்ல விஷயம் உண்டு. குடிமக்கள் என்றும் எமிஷிகள் என்றும் (எல்லைப்புறத்து ஆதிகுடிகள்) பேதம் பாராமல் செத்தவர்களைப் புதைக்கவும் உயிரோடிருப்பவர்களுக்கு உதவவும் சொல்கிறது. நூலைத் தொகுத்தவர்களில் ஒருவர் கவிஞரான சுகவாரா நோ மிச்சிசானே. நூல் முடிந்த அதே 901ல் அவர் அரசியல் சூழ்ச்சியால் தலைநகரை விட்டுத் துரத்தப்பட்டார், 903ல் செத்தார். 930ல் அரண்மனையில் இடி விழுந்தபோது அது அவருடைய ஆவியின் கோபம் என்று பயந்து பிறகு அவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள். இயற்கையின் சேதத்தை அதற்குரிய தேதியில் குறித்து வைத்த நூலில் கைவைத்தவர், இன்னொரு சேதத்துக்குத் தாமே காரணமாக்கப்பட்டார்.

குறிப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருஷங்கள் நூலுக்குள்ளேயே கிடந்தது. 1906ல் யோஷிதா தோகோ என்ற சரித்திர பூகோள அறிஞர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆனால் கடல் கரையோரமாக இருந்த அரசாங்கக் கோட்டைவரை, அதாவது இன்றைய செண்டாய்க்குப் பக்கத்திலுள்ள தகாஜோவரை வந்ததென்பதை அட்சரசுத்தமாக எடுத்துக்கொள்ள யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. பழைய நாளாகமங்களில் எண்கள் பெருகுவது சகஜம். தவிர, ஜப்பானியர்களின் அலை ஞாபகம் வேறிடத்தில் இருந்தது. செண்டாய்க்கு வடக்கே மலையும் கடலும் முட்டிக்கொள்ளும் சன்ரிகு கரையில் 1896ல் 22,000 பேரளவில் செத்தார்கள். 1933ல் மறுபடி 3,000 பேர். அங்கே ஊருக்கு ஊர் எச்சரிக்கைக் கல் நட்டிருக்கிறார்கள். செண்டாய்க்குத் தெற்கே நீளும் சமவெளி அப்படிப்பட்ட இடமென்று பெயரெடுக்கவில்லை. அங்கே நெல் விளைந்தது. அலையைப் பிரித்தவர் என்று பொருள்படும் பெயரில் ஒரு சின்னக் கோயில் மட்டும் கடலுக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தது. அது 1611ஆம் வருஷத்து அலையின் ஞாபகம்.

வயல்தான் கடைசியில் சாட்சி சொல்லிற்று. 1980களின் கடைசியில் செண்டாய் சமவெளியில் துளைபோட்டு மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். களிமண், மக்கிய தாவரம், மறுபடி களிமண் என்று கறுப்பாக இறங்கும் மண்ணின் நடுவே விரற்கடையளவில் ஒரு வெளிறிய மணல் அடுக்கு. கடற்கரை மணல். கடலிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் உள்ளே அதற்கு என்ன வேலை? அதற்குச் சற்று மேலே சாம்பல்நிறமாக இன்னொரு கோடு இருந்தது. அது தொவாதா எரிமலை 915ல் கக்கிய சாம்பல். ஆக, மணல் 915க்குக் கொஞ்சம் முந்தியது. 869 என்ற தேதி அங்கே பொருந்திவிடுகிறது. புத்தகத்தில் இருந்த வாக்கியமும் சேற்றில் இருந்த கோடும் ஒரே நாளைச் சொல்கின்றன. எழுத்தை நம்புகிற எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட கிளர்ச்சியை மறைக்கமாட்டேன்.

இன்னும் கீழே இதேபோன்ற மணல் அடுக்குகள் வேறு இருந்தன. தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மினோரா கோஜியும் சகாக்களும் 2001ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மூன்று அடுக்குகள், இடைவெளி 800லிருந்து 1,100 வருஷங்கள், கடைசி அலை வந்து 1,100 வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. கட்டுரை ஒரு சிறு ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்தது. சிறு பத்திரிகையில் வருவதன் கதி எது என்று நம்மில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

நூறு கிலோமீட்டர் போலத் தெற்கே, அதே கரையில், ஃபுகுஷிமா தாயிச்சி அணு மின்நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு 1966ல் அனுமதி கொடுத்தபோது எதிர்பார்க்க வேண்டிய அலையின் உயரம் 3.1 மீட்டர் என்று வைத்தார்கள். 1960ல் சிலி நாட்டுப் பூகம்பத்தின் அலை பசிபிக்கைத் தாண்டிவந்து பக்கத்துத் துறைமுகத்தில் எழும்பிய உயரம் அது. அதாவது, ஆறு வருஷத்து ஞாபகம். 30 மீட்டருக்கு மேலிருந்த மேட்டை வெட்டி 10 மீட்டராக்கி அதில் உலைகளை நிறுத்தினார்கள். 2002ல் 3.1 என்பது 5.7 ஆயிற்று. 2008ல் கம்பெனிக்குள்ளேயே போட்ட ஒரு கணக்கு 15.7 மீட்டர் வரை வரலாம் என்றது. மேலும் ஆராய வேண்டுமென்று ஒத்திவைத்தார்கள். 2009 ஜூனில் ஒகமுரா யுகிநொபு என்ற புவியியலாளர் அரசாங்கப் பாதுகாப்புக் குழுவின் கூட்டத்தில் நேராகவே கேட்டார்: 1938ஆம் வருஷத்துப் பூகம்பத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்களே, அதைவிட எவ்வளவோ பெரிதான ஜோகான் ஏன் இதில் இல்லை? பிறகு பார்க்கலாம் என்ற தோரணையில் பதில். 15.7 என்ற எண்ணைக் கம்பெனி கண்காணிப்பு இலாகாவிடம் கொடுத்த தேதி 2011 மார்ச் 7.

மார்ச் 11 பிற்பகல் 2.46க்கு பூமி அசைந்தது. அளவு 9.0. நிலையத்துக்கு வந்த அலை சுமார் 14 மீட்டர். முதல் உலை 1971 மார்ச் 26ல் ஓடத் தொடங்கியது. நாற்பது வருஷம் நிறைய 15 நாள் பாக்கி. கரை நெடுகிலும் செத்தவர்களும் காணாமற்போனவர்களும் 18,000க்கு மேல். செண்டாய் சமவெளியில் தண்ணீர் 869ல் போன மாதிரியே போயிற்று.

குற்றவாளிகளைத் தேடுவது எளிது, வேண்டியதும்கூட. எனக்கு அதைவிட, படித்தவர்கள் நிரம்பிய ஒரு கூட்டத்தில் அந்தக் கேள்வி ஏன் கேள்வியாகவே விழவில்லை என்பது முக்கியமாகப் படுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை என்று சொன்னதும் அது நமக்கில்லை என்று மனசு முடிவு செய்துவிடுகிறது. வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற சாத்தியத்தை நாற்பது வருஷத்துக்குப் பரப்பினால் ஏறக்குறைய 4 சதவீதம் வரும். முழுமுதலும் போக 4 சதவீதம் இடமிருக்கிறதென்றால் என் மேஜைக்கு வரும் மிகச் சாதாரண நகைக்கடனுக்குக்கூட மேலே கேள்வி வந்துவிடும். மேலும், ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை என்பது ஒரு கரைக்குத்தான். உலகத்தில் கரைகள் பல. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒருவர் ஆயுளில் இரண்டு மூன்று முறை எங்காவது இது நடக்கும். நடந்தும் இருக்கிறது: 1960 சிலி, 1964 அலாஸ்கா, 2004 சுமத்ரா, 2011.

விஞ்ஞானமும் இங்கே முழுக்கக் கைகொடுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 1980ல் ரஃப், கனமோரி இருவரும் எழுதிய ஒரு கட்டுரை, இளமையான கடல்தளம் வேகமாகக் கண்டத்தட்டின் கீழே செருகும் இடங்களில்தான் 9 என்ற அளவை எட்டும் பூகம்பங்கள் வரும் என்ற எண்ணத்துக்கு வலுக்கொடுத்தது. அழகான கோட்பாடு, அன்றிருந்த உதாரணங்களுக்குப் பொருந்திற்று. அன்றிருந்த உதாரணங்கள் எத்தனை? கருவிகள் வந்தபிறகு பதிவான நூறு வருஷத்துக்கும் குறைவான காலத்தின் உதாரணங்கள்தான். சுமத்ராவுக்கு வடமேற்கே செருகும் தளம் பழையது, வேகமும் குறைவு. 2004ல் அங்கே 9.1. ஜப்பானின் வடகிழக்கில் செருகும் தளம் இன்னும் பழையது. நாம் இலக்கியத்தில் பத்து நாவல்களை வைத்துக்கொண்டு நாவல் என்றால் இன்னதென்று விதிசெய்வதை ஒத்த காரியம்.

வாக்கியத்தை வாசித்தவர் ஒருவரும் இல்லாமலில்லை. ஃபுகுஷிமாவுக்கு வடக்கே, பூகம்ப மையத்துக்கு இன்னும் அருகில், ஒனகாவா என்ற இன்னொரு அணு மின்நிலையம் உண்டு. அதைத் திட்டமிட்டபோது தரைமட்டம் 14.8 மீட்டர் வேண்டுமென்று ஹிராய் யனோசுகே என்ற எஞ்சினியர் பிடிவாதமாக நின்றார். ஜோகான் அலையை அவர் மனசில் வைத்திருந்தார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1986ல் இறந்துபோனார். 2011ல் அங்கே நிலம் ஒரு மீட்டர் தாழ்ந்தது, சுமார் 13 மீட்டர் அலை வந்தது, நிலையம் தப்பிற்று. வீடிழந்த ஊர்க்காரர்கள் அந்த அணு மின்நிலையத்துக்குள்தான் அடைக்கலம் புகுந்தார்கள்.

கவிதைக்காரர்களுக்கு ஒன்று. தகாஜோவில் 'சுயெ நோ மட்சுயாமா' என்று ஒரு மேடு இருக்கிறது. உச்சியில் பைன் மரங்கள். மலை என்று சொன்னால் சிரிப்பு வரும். 905ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'கொகின்ஷு'விலிருந்து தொடங்கி ஜப்பானியக் காதல் கவிதைகளில் இந்த இடப்பெயர் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. மனசு மாறமாட்டேன் என்று சூளுரைப்பவர்கள் அலை இந்த மேட்டைத் தாண்டுவதை நடக்கவே முடியாத காரியத்துக்கு உவமையாகச் சொல்வார்கள். ஆயிரம் வருஷமாக அதை அலங்காரமென்றே வாசித்திருக்கிறார்கள். 869ல் கோட்டையைச் சுற்றி எல்லாம் மூழ்கியபோது இந்த மேடு மட்டும் மூழ்காமல் நின்றிருக்குமோ, அதைக் கண்டவர்கள் வாயிலிருந்தே இந்த வழக்குப் பிறந்திருக்குமோ என்று பின்னால் சிலர் யோசித்தார்கள். 2011ல் சுற்றிலும் தண்ணீர் வந்தது; மேட்டைத் தாண்டவில்லை.

இதை நிரூபணமென்று சொல்லத் துணியமாட்டேன். நமக்கு ரொம்பப் பிடித்த மாதிரி ஒரு கதை அமைந்துவிட்டால் அங்கே கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. ஆனால் உவமையென்றாலே உள்ளீடற்றது என்று நம் உரையாசிரியர்கள் காலத்திலிருந்து வந்த பழக்கத்தை இது அசைக்கிறது.

இங்கே நம் விஷயத்துக்கு வந்தாக வேண்டும். சுனாமிக்கு நம்மிடம் ஒரு சொல் இருந்தது. கடல்கோள். அப்படியிருந்தும் 2004 டிசம்பர் 26 காலையில், தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேரும் அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேலும் செத்த அன்றைக்கு, நாம் ஜப்பானியச் சொல்லையே கற்றுக்கொண்டோம். பத்திரிகைகள் பிறகு ஆழிப்பேரலை என்று ஒன்றைச் செய்தன. கடல்கோள் ஏன் வாயில் வரவில்லை? அந்தச் சொல்லை நாம் வேறொன்றுக்கு அடகுவைத்திருந்தோம் என்பது என் எண்ணம்.

இறையனார் அகப்பொருள் உரையில் முச்சங்க வரலாறு வருகிறது. முதற்சங்கம் 4,440 வருஷம், இடைச்சங்கம் 3,700, கடைச்சங்கம் 1,850. கூட்டல் பெருக்கல் செய்து பிழைக்கிறவன் என்பதால் எண்களைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. மூன்றுமே 37ன் மடங்குகள்: 120, 100, 50. எனக்கு முன்பே பிறர் கவனித்ததுதான். இவை யாரும் எண்ணிக் குறித்த வருஷங்களில்லை என்பது வெளிப்படை. ஆனால் அதே உரைகாரர், பாண்டிய நாட்டைக் கடல் கொண்டதைச் சொல்லும் இடத்தில் 'போலும்' என்று ஒரு சொல்லைப் போடுகிறார். வருஷக் கணக்கில் கூசாத மனிதர் இங்கே தயங்குகிறார். தனக்கு வந்துசேர்ந்த ஒரு செய்தியை, நேரே அறியாததால், ஐயத்தோடு ஒப்படைக்கிறார். 901ல் தொகுத்தவர்களின் நிதானத்துக்கு நம்மிடமுள்ள மிக நெருங்கிய சொந்தம் இந்தப் 'போலும்'தான். மணிமேகலையில் புகாரைக் கடல் கொள்வதற்குக் காரணம் நிச்சயமாகத் தெரிந்துவிடுகிறது: இந்திரவிழா நின்றுபோயிற்று, தெய்வம் சபித்தது. காவியத்துக்கு அது தேவை.

பிற்காலத்தார் செய்த காரியம் 'போலும்' என்பதை உதறியதும் 4,440ஐ வைத்துக்கொண்டதும். 1864ல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல்காரர், மடகாஸ்கரில் உள்ள லெமூர் இனம் இந்தியப் பக்கமும் எப்படி வந்ததென்பதை விளக்க ஒரு மூழ்கிய கண்டத்தைக் கற்பித்து லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்களே நகருகின்றன என்பது 1960களில் ஊர்ஜிதமானதும் அந்தக் கற்பனைக்கு வேலை தீர்ந்தது. விலங்கியல்காரர்கள் அதை விட்டார்கள், நாம் விடவில்லை. மேடைகளில் கடல்கோள் என்றால் பறிபோன கண்டம், பறிபோன நூல்கள், பறிபோன பெருமை என்று ஆயிற்று. அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒருவராவது, அப்படியானால் மறுபடி வருமா என்று கேட்டு நான் கேட்டதில்லை. ஜப்பானில் நம்பாமல் விட்டதால் அந்தக் குறிப்பு பயன்படாமல் கிடந்தது, இங்கே கொண்டாடியதால்.

இதற்கிடையில், 1881 டிசம்பர் 31ல் கார் நிக்கோபாருக்கு அருகே வந்த பூகம்பத்தின் அலையை வங்காள விரிகுடாவைச் சுற்றியிருந்த எட்டு அலைமானிகள் காகிதத்தில் கோடாக வரைந்திருந்தன. 1 மீட்டருக்கும் குறைந்த அலை. அந்தக் கோடுகளை ஓர்டிஸ், பில்ஹம் என்ற இருவர் ஆராய்ந்து எழுதியது 2003ல். ஒரு வருஷம்தான் இருந்தது. லெமூரியா நம்மிடையே பெற்ற வாழ்வைப் பற்றி சுமதி ராமஸ்வாமி எழுதிய புத்தகம் வந்தது 2004லேயே.

சுமத்ராவை ஒட்டிய சிமியுலு தீவில் 1907ல் ஒரு அலை வந்து ஏராளமானவர்களைக் கொண்டுபோனது. அதற்கு அவர்கள் மொழியில் 'ஸ்மோங்' என்று பெயர். பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிவைத்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் குன்றுக்கு ஓடு. 2004ல் மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில், 70,000க்கு மேற்பட்ட ஜனத்தொகையில், செத்தவர்கள் 7 பேர். கிழவிகளின் ஒற்றைச் சொல் செய்தது இது. இதைக் கேட்டதும், பார்த்தீர்களா, நாட்டார் மரபு என்று கிளம்பும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தச் சொல் நாகப்பட்டினத்தில் இருந்திருந்தாலும் வேலை செய்திருக்காது. அங்கே நிலம் பலமாக ஆடவில்லை. இந்தப் பக்கத்துக் கரைக்கு முதலில் வந்தது ஏறும் தண்ணீர், உள்வாங்கியது அதற்கப்புறம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது, சொல்ல ஆளில்லை. தூரத்திலிருந்து வரும் அலைக்குத் தந்தியும் கருவியும்தான் வேண்டும். ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் 2007ல் வந்தது. 2012 ஏப்ரல் 11ல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூகம்பம் வந்ததும் எச்சரிக்கை விடுத்தார்கள், சென்னைக் கடற்கரையைக் காலி செய்தார்கள். தட்டுகள் பக்கவாட்டில் உரசிய பூகம்பம் அது, பெரிய அலை எழவில்லை. அப்படி இரண்டு மூன்று முறை வராமல் போனால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதை யாரும் யூகிக்கலாம்.

வராததையும் எண்ண வேண்டியிருக்கிறது. 2008ல் தாய்லாந்தின் ஃப்ரா தாங் தீவுச் சேற்றில் 2004க்கு முந்தைய மணலைக் கண்டு, அது 550லிருந்து 700 வருஷத்துக்கு முந்தியதென்றார்கள். சரி, அப்படியானால் அடுத்தது இன்னும் 500 வருஷம் கழித்துத்தானே என்று ஆறுதலடையப் பார்த்தால், ஆச்சேயில் ஒரு கடலோரக் குகை அதைக் கெடுக்கிறது. அலை கொண்டுவந்த மணல், அதன்மேல் வௌவால் எச்சம், மறுபடி மணல் என்று ஏடுபோல் படிந்த குகை. 2017ல் வெளியான ஆய்வில் 2,900 வருஷங்களுக்கு முன்னால் முடியும் ஒரு நீண்ட காலத்தில் குறைந்தது 11 அலைகள் எண்ணப்பட்டிருக்கின்றன. சில சமயம் 2,000 வருஷத்துக்கு மேல் ஒன்றுமில்லை. சில சமயம் ஒரே நூற்றாண்டில் பல. சராசரி போடலாம், போட்டுப் பிரயோஜனமில்லை. மினோராவின் 800, 1,100 என்ற எண்களும் இப்போது எனக்கு முன்போல் உறுதியாகத் தெரியவில்லை. மணலே முழுசாகச் சொல்வதில்லை: 2011ல் செண்டாயில் மணல் படிந்த எல்லையைத் தாண்டித் தண்ணீர் வெகுதூரம் போயிருந்தது. அங்கே விட்டுச்சென்றது வெறும் சேறு. 869லும் அப்படித்தான் இருந்திருக்கும். மணலை வைத்து அளந்தவர்கள் அலையைக் குறைத்து அளந்திருக்கிறார்கள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் 2004 அலை மண்ணை அரித்து ஒரு பாறைக் கல்வெட்டைக் காட்டிக்கொடுத்தது. 2005ல் தோண்டினார்கள். பழைய முருகன் கோயில் ஒன்றும் அதன் அடியில் செங்கல் கட்டடமும் மணல், கிளிஞ்சல் அடுக்குகளும் வெளிவந்தன. கடலலை இடித்த கோயில் என்பது தோண்டியவர்களின் கருத்து. நம் கரையில் இதைச் சொல்வது கடினம், ஏனென்றால் இங்கே புயல் அடிக்கடி வருகிறது, புயலும் மணலைத்தான் உள்ளே தள்ளுகிறது. இரண்டையும் பிரித்தறியக் கரைக்குப் பின்னாலுள்ள கழிகளிலும் பழைய உப்பளங்களின் அடியிலும் துளைபோட்டுப் பல இடங்களின் அடுக்குகளை ஒப்பிட்டாக வேண்டும். அலுப்பான வேலை, மேடையில் சொல்ல ஒன்றும் தேறாது. புகாருக்குப் பக்கத்துச் சேற்றில் ஒரு வெளிறிய கோடு இருக்கலாம். இருக்க வேண்டுமென்று எனக்கு ஆசையாகக்கூட இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிறவர் தன் அறிக்கையில் அந்தப் 'போலும்' என்ற சொல்லைத் திரும்பவும் எழுதினால் போதும்.